24 மணி நேரத்தில் நலமா?
ஓர் அறுவை மருத்துவ ஆய்வுரையின் மதிப்பீடு

அறுவை செய்துகொண்ட பெண் மறுநாளே தாமே கார் ஓட்டலாம். கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தலை வாரிக்கொள்ளலாம். வழக்கமான எடையுள்ள பொருள்களைத் தூக்கலாம். ஒரு மருத்துவமனை இவ்வாறு விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தால் நாம் அதைப் பெரிதாக மதித்திருக்க மாட்டோம். ஆனால் இது, 2002ஆம் ஆண்டில் ‘பிளாஸ்டிக் அண்டு ரீகன்ஸ்டிரக்டிவ் சர்ஜரி’ என்னும் அமெரிக்க ஆய்விதழில் இரு பகுதிகளாக வெளிவந்த ஆய்வுரையின் முடிவு. எழுதியவர் டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரத்து அறுவை மருத்துவர் ஜான் டெபெட்ஸ். மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைக்குப் பின் இயல்பான செயல்களுக்குத் திரும்ப 24 மணி நேரம் போதும் என்பதும், அதனை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியும் என்பதும் அவருடைய வாதம்.

ஆய்வுரை வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எனினும் ‘24 மணி நேரம்’ என்ற சொற்றொடர் இவ்வறுவையைச் செய்யும் நிலையங்களின் விளம்பரங்களிலிருந்து மறையவில்லை. ஆய்வுரையைப் படித்தவர்கள் சிலரே. அந்தச் சொற்றொடரைக் கேட்டவர்கள் பலர். ஆதலின் அந்த ஆய்வுரை உண்மையில் எதை அளந்தது, எதை அளக்கவில்லை, ‘நலமடைதல்’ என்று நாம் சொல்வது எதனை என்ற வினாக்களை எழுப்பிப் பார்ப்பது பயனுள்ளதாகும். இப்பொருளைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம்மில் பலர் கூசுவர். ஆனால் உடலைப் பற்றிய அறிவு கூசுவதற்குரியது அன்று. பேசாமல் விட்டால், விளம்பரம் சொல்வதே பாடம் என்று ஆகிவிடும்.

அறுவையைப் பற்றிச் சில சொற்கள்

1962ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் இரு மருத்துவர்கள், சிலிக்கோன் கூழ் நிரப்பிய பையை ஒரு பெண்ணின் மார்பகங்களில் முதன்முதலாகப் பதித்தனர். பையைத் தயாரித்தது டவ் கார்னிங் நிறுவனம். பின்னர் உப்புநீர் நிரப்பிய பைகளும் வந்தன. அவற்றிலும் வெளியுறை சிலிக்கோனே ஆகும்.

மார்பகத்தின் அடிமடிப்பிலோ, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ ஒரு சிறு கீறல் இடப்படுகிறது. அதன் வழியே திசுக்களைப் பிரித்து உள்ளே ஓர் அறை அமைக்கிறார்கள். அந்த அறை பால் சுரப்பிக்கு நேர் பின்னால் அமையலாம். அல்லது அதற்கும் பின்னாலுள்ள பெரிய மார்புத்தசைக்கு அடியில் அமையலாம். மேற்பகுதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பகுதி சுரப்பிக்கு அடியிலும் அமையும் ‘இருதள’ முறையை 2001ஆம் ஆண்டில் விரிவாக எழுதியவரும் டெபெட்ஸ்தான். பை தசைக்கு அடியில் செல்லும்போது தசை இழுக்கப்படுகிறது, துடித்து இறுகுகிறது. இவ்வறுவைக்குப் பின் வரும் வலியில் பெரும்பகுதி இந்த இறுக்கத்தால் வருவதே ஆகும்.

இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. புற்றுநோய்க்காக மார்பகத்தை இழந்தவர்களுக்கும் இத்தகைய பைகள் பொருத்தப்படுகின்றன. அது வேறு சூழ்நிலை. நாம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு நோய் ஏதும் இல்லை. நல்ல உடல்நலத்தோடு அறுவை மேசையில் படுக்கிறார். நோயைத் தீர்க்கும் அறுவையில், தொல்லை எவ்வளவு வந்தாலும் எதிர்த்தட்டில் வைக்க ஒரு நோய் இருக்கிறது. இங்கே அது இல்லை. எனவே இவர் எதைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லும் எண்கள் இரட்டிப்பு நேர்மையோடு இருக்க வேண்டும்.

கொத்தனார் வேலையும் அறுவை மருத்துவமும்

டெபெட்ஸ் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கருவி மருத்துவத்திலிருந்து வந்ததன்று, தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் 1880களில் செங்கல் அடுக்கும் வேலை கற்கச் சென்றார். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார் 18 அசைவுகள் செய்வதையும், ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர்வதையும் கவனித்தார். கல்லும் சாந்தும் இடுப்பளவு உயரத்திலேயே கிடைக்கும்படி சாரத்தை மாற்றி அமைத்தார். அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன. ஒருவர் மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்க முடிந்தது. கொத்தனார் கூடுதலாக உழைக்கவில்லை. வீண் அசைவுகள் மட்டுமே நீங்கின. அவரும் அவர் மனைவி லில்லியன் கில்பிரெத்தும் பின்னாளில் திரைப்படக் கருவியைக் கொண்டு பல தொழில்களை ஆராய்ந்தனர். அறுவை அரங்கும் அவற்றுள் ஒன்று. அறுவை மருத்துவர் கருவியைத் தேடிக் கண்களைத் திருப்பாமல், செவிலியர் அவர் கையில் கருவியை வைக்கும் வழக்கத்தைப் பரிந்துரைத்தவர் கில்பிரெத் என்பர்.

டெபெட்ஸ் தம்முடைய அறுவைகளின் ஒளிப்பதிவுகளை இம்முறையில் பகுத்துப் பார்த்தார். எந்த அசைவு தேவையானது, எது வீண், எது திசுவைக் காயப்படுத்துகிறது என்று பிரித்தார். விரலாலோ மழுங்கிய கருவியாலோ திசுவைக் கிழித்து அறை அமைப்பதைக் கைவிட்டார். ஒவ்வோர் இழையையும் கண்ணால் பார்த்து, குருதிக் குழாய் அறுபடுவதற்கு முன்பே மின்வெப்பக் கருவியால் அடைத்து முன்னேறினார். விலா எலும்பின் மேலுறையைத் தொடுவதைத் தவிர்த்தார். இவ்வாறு செய்த 627 பெண்களில் 96 விழுக்காட்டினர் 24 மணி நேரத்துக்குள் இயல்பான செயல்களுக்குத் திரும்பினர் என்று அறிவித்தார். கட்டுத்துணி, இறுக்குப் பட்டை, சிறப்பு உள்ளாடை, வடிகுழாய், வலி மருந்தைச் செலுத்தும் கருவி ஆகிய எவையும் இவர்களுக்குத் தேவைப்படவில்லை என்பது அவருடைய கூற்று.

பாராட்ட வேண்டியவை

முதலில் இதன் பெருமையைச் சொல்லிவிடுவோம். அறுவைக்குப் பின் வரும் வலியை நோயாளியின் குணமாகப் பார்க்கும் பழக்கம் மருத்துவத்தில் நெடுங்காலமாக உண்டு. ‘பொறுமை போதாது’, ‘வலி தாங்காத உடம்பு’ என்று சொல்லி முடித்துவிடுவர். டெபெட்ஸ் அந்தப் பொறுப்பைத் திருப்பி அறுவை மருத்துவரின் கையில் வைத்தார். வலி என்பது பெரிதும் திசு அடிபட்டதன் விளைவு. திசு அடிபடுவது மருத்துவரின் கையசைவால். கையசைவை அளக்கலாம், திருத்தலாம் என்பது அவருடைய தர்க்கம். இது அறிவியல் நோக்கு.

இத்தர்க்கத்துக்கு உயிரியல் அடிப்படையும் உண்டு. வெளியே கசிந்து திசுக்களில் தேங்கும் குருதியை உடல் குப்பையாகவே கருதுகிறது. அதை அகற்ற வெள்ளணுக்கள் திரளுகின்றன. அவை சுரக்கும் பொருள்களால் அவ்விடம் வீங்கிச் சிவக்கிறது. வலி நரம்புகள் தூண்டப்படுகின்றன. கசிவு குறைந்தால் அழற்சியும் குறையும். அழற்சி குறைந்தால் வலியும் வீக்கமும் குறையும்.

மற்றொரு சிறப்பு, அபின் வகை வலி மருந்துகளின்றிச் சமாளிக்க வழிகாட்டியது. அந்நாட்டில் இது சிறிய செய்தியன்று. 1990களின் பிற்பகுதி முதல் அபின் வகை மருந்துகளுக்கு அடிமையாதல் அமெரிக்காவைப் பெரிதும் வாட்டிவருகிறது. முன்பு அம்மருந்துகளைப் பயன்படுத்தியிராத அறுவை நோயாளிகளில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர், அறுவை முடிந்து மூன்று மாதங்களுக்குப் பின்னும் அவற்றை வாங்கிக்கொண்டிருந்தனர் என்று 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. சிறிய அறுவை, பெரிய அறுவை என்ற வேறுபாடு இதில் அதிகம் இல்லை. இந்நிலையில் இபுபுரூஃபன் போன்ற எளிய மருந்தோடு ஓர் அறுவையைக் கடக்க முடியும் என்று காட்டுவது பெரிய தொண்டு.

படுக்கையில் கிடத்துவதும் கைகளை விலாவோடு சேர்த்துக் கட்டுவதும்தான் ஓய்வு என்ற பழைய எண்ணத்தையும் அவர் அசைத்தார். அறுவைக்குப் பின் அன்றே எழுந்து நடப்பது கால் குருதிக் குழாய்களில் கட்டி உறைவதைத் தடுக்கும் என்பது இன்று எல்லா அறுவைகளுக்கும் பொதுவான பாடம்.

எங்கே இடறுகிறது?

இனிக் குறைகளைக் காண்போம். மாணவ வாசகர்கள் இவற்றை ஓர் ஆய்வை எடைபோடும் பயிற்சியாகவும் கொள்ளலாம்.

முதலாவது, இது ஒரே மருத்துவர் தம்முடைய நோயாளிகளைப் பற்றி அறிவித்த கணக்கு. ஒப்பிட எடுத்துக்கொண்டவை அவருடைய முந்தைய ஆண்டுகளின் சிறு குழுக்கள். ஒரே காலத்தில், குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பெண்களுக்குப் பழைய முறை, மறுபாதிக்குப் புதிய முறை என்று பிரித்துச் செய்த சோதனை அன்று இது. ஆண்டுகள் கடக்கும்போது மருத்துவரின் கை தேர்கிறது. மயக்க மருந்துகள் மாறுகின்றன. வரும் நோயாளிகளும் மாறுகிறார்கள். முன்னேற்றத்தில் எவ்வளவு புதிய முறையால் வந்தது, எவ்வளவு இவற்றால் வந்தது என்று பிரித்தறிய வழி இல்லை.

இரண்டாவது, ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் செய்யப்பட்டன. கருவி, மயக்க மருந்து, கையசைவு, அறுவைக்குப் பின் சொல்லும் அறிவுரை ஆகிய அனைத்தும் மாறின. குழம்பில் புளி, உப்பு, மிளகாய் மூன்றையும் ஒருசேர மாற்றிவிட்டு, சுவை கூடியதற்கு எது காரணம் என்று கேட்டால் விடை கிடைக்குமா? இம்முறையைப் பின்பற்ற விரும்பும் மற்றொரு மருத்துவர் எதைக் கட்டாயம் கொள்ள வேண்டும், எதை விடலாம் என்பது இதனால் தெளிவாவதில்லை.

மூன்றாவது, எதிர்பார்ப்பின் வலிமை. ‘நாளைக்கே நீங்கள் வெளியே போய்வருவீர்கள்’ என்று அறுவைக்கு முன்பே நம்பிக்கையோடு சொல்லப்பட்ட பெண் வலியைக் குறைவாகவே உணர்வார். இது ஏமாற்று வேலை அன்று. எதிர்பார்ப்பு வலியை மாற்றும் என்பது பல சோதனைகளில் நிலைநாட்டப்பட்ட உண்மை. அதை மருத்துவத்தில் பயன்படுத்துவதிலும் தவறில்லை. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. மூன்றாம் நாளும் எழ முடியாமல் வலிக்கும் பெண், தம் உடம்பில்தான் குறை என்று எண்ணுவார், சொல்லவும் தயங்குவார். 627 பேரில் 96 விழுக்காடு போக மீதியுள்ளவர் ஏறத்தாழ 25 பேர். விளம்பரத் தாளில் இவர்களுக்கு இடமில்லை. பொறுப்பை நோயாளியிடமிருந்து மருத்துவருக்கு மாற்றியதே இவ்வாய்வின் சிறப்பு என்று மேலே கண்டோம். ‘24 மணி’ வாக்குறுதியாக மாறியபோது அப்பொறுப்பு மீண்டும் நோயாளியின் தலையிலேயே வந்து விழுந்துவிட்டது.

நான்காவது குறையே மிகப் பெரியது. இயல்பான செயல்களுக்குத் திரும்புதல் என்பதே நலமடைதல் என்று ஆகிவிட்டது. ஆய்வுரையின் தலைப்பு செயல்களுக்குத் திரும்புவதை மட்டுமே கூறுகிறது; அந்த அளவில் அது நேர்மையானது. விளம்பரமோ ‘குணம்’ என்ற சொல்லைப் போட்டுக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதை இனிப் பார்ப்போம்.

உடல் தன் வேகத்தில் நடக்கும்

வீட்டுக்குத் தளம் போட்டவர்களுக்கு ஒன்று தெரியும். காங்கிரீட் கொட்டிய மறுநாளே அதன்மேல் நடக்கலாம். ஆனால் அடியிலுள்ள முட்டுகளை அன்றே பிரிக்கத் துணிபவர் யாரும் இல்லை. மேலே காய்ந்துவிட்டது என்பது வேறு. உள்ளே இறுகிவிட்டது என்பது வேறு.

காயமும் அப்படித்தான். முதல் சில நாள்கள் அழற்சியின் காலம். ஏறத்தாழ மூன்றாம் நாளிலிருந்து நாரணுக்கள் வந்து கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை நெய்யத் தொடங்குகின்றன. இது சில வாரங்கள் நீடிக்கும். பிறகு அந்நார்களைக் கலைத்துச் சீராக அடுக்கும் பணி மாதக்கணக்கில், ஓராண்டு அளவும் நடக்கும். தையலிட்ட தோலின் வலிமை ஒரு வாரத்தில் பழைய வலிமையின் 3 விழுக்காடுதான் இருக்கும். மூன்று வாரத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு. மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு. அதற்கு மேல் அது உயர்வதில்லை. எத்தனை திறமையான கையும் இந்த வேகத்தை நாள்களாகச் சுருக்க முடியாது. கையைத் தூக்க முடிகிறது என்பது வலி குறைந்திருப்பதற்கு அடையாளம். தையல் வலுப்பெற்றதற்கு அடையாளம் அன்று.

உள்ளே மற்றொரு வேலையும் நடக்கிறது. சிலிக்கோன் பையை உடலால் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. எனவே அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடுகிறது. இது நோயன்று, எந்த அயற்பொருளுக்கும் உடல் செய்யும் இயல்பான ஏற்பாடு. உறை மெல்லியதாக இருக்கும்வரை தொல்லையில்லை. சிலருக்கு அது தடித்துச் சுருங்கிப் பையை நெரிக்கும். மார்பகம் கல்லைப்போல் இறுகி உருமாறும், வலிக்கும். இதன் காரணங்கள் முழுவதும் தெளிவாகவில்லை. தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற நுண்ணுயிர்கள் பையின்மேல் படிந்து படலமாக வளர்வது ஒரு காரணம் என்று பலர் கருதுகின்றனர். பையைச் சுற்றித் தேங்கும் குருதியும் மற்றொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்த இடத்தில் டெபெட்ஸின் குருதியற்ற அறுவை முறைக்கு 24 மணி நேரத்தைவிடப் பெரிய பயன் இருக்கக்கூடும். ஆனால் அப்பயனை ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் காண முடியும்.

ஆண்டுகளின் கணக்கு

நியாயமாகச் சொன்னால், டெபெட்ஸே இதை அறியாதவர் அல்லர். 2006ஆம் ஆண்டில் அதே ஆய்விதழில், தொடர்ச்சியாகச் செய்த 50 அறுவைகளில் மூன்று ஆண்டுகள்வரை ஒருவருக்குக்கூட மறு அறுவை தேவைப்படவில்லை என்று எழுதினார். மூன்று ஆண்டுக் கணக்கு 24 மணிக் கணக்கைவிட மதிப்புடையது. ஆனால் விளம்பரதாரர்கள் எடுத்துக்கொண்டது எந்த எண்ணை? மறுநாள் கடைக்குப் போகலாம் என்பது விற்கும். மூன்று ஆண்டு கழித்து மீண்டும் அறுக்க வேண்டியிராது என்பது அவ்வளவு எளிதில் விற்காது.

இந்தப் பைகளின் வரலாறே நீண்டகாலக் கணக்கை எழுதத் தவறியதன் வரலாறுதான். 1962இல் தொடங்கிய அறுவைக்கு உரிய பாதுகாப்புச் சான்றுகளை அமெரிக்க அரசு நிறுவனங்களிடம் கேட்டது 1990களின் தொடக்கத்தில். சான்றுகள் போதவில்லை என்று 1992இல் சிலிக்கோன் கூழ்ப் பைகளின் பயன்பாட்டை உணவு மருந்து நிர்வாகத்துறை கட்டுப்படுத்தியது. அப்பைகள் இணைப்புத்திசு நோய்களை உண்டாக்குகின்றன என்பதற்குச் சான்றில்லை என்றும், பை கிழிதல், உறை சுருங்குதல், மறு அறுவை போன்ற உள்ளூர்த் தொல்லைகளே முதன்மையானவை என்றும் 1999இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் அறிக்கை தந்தது. 2006 நவம்பரில் அலர்கன், மென்டர் என்னும் இரு நிறுவனங்களின் கூழ்ப் பைகளுக்கு மீண்டும் இசைவு கிடைத்தது. நிறுவனம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40,000 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நடந்தது என்ன? 2011ஆம் ஆண்டு அத்துறை வெளியிட்ட அறிக்கைப்படி, அலர்கன் ஆய்வில் இரண்டாம் ஆண்டுக் கணக்கில் 60 விழுக்காட்டினரே தொடர்பில் இருந்தனர். மென்டர் ஆய்வில் மூன்றாம் ஆண்டில் 21 விழுக்காட்டினரே எஞ்சினர். ஐந்தில் நால்வரின் கதி கணக்கேட்டில் இல்லை. முதல் 24 மணி நேரத்தை அசைவு அசைவாக அளந்த துறை, அடுத்த சில ஆண்டுகளில் பெண்களையே தொலைத்துவிட்டது. ஆய்வுரையின் குறையைவிட இக்குறை மிகப் பெரிது. அது தனியொருவரின் குறையன்று.

கிடைத்த கணக்குகள் சொல்வது இது: அழகுக்காகப் பை வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர்வரை பத்தாண்டுக்குள் அதை அகற்ற வேண்டியிருக்கிறது. பைகளைச் சுற்றி அரிதாக நிணநீர்ப் புற்று தோன்றக்கூடும் என்று அத்துறை 2011இல் எச்சரித்தது. அலர்கனின் ஒருவகைச் சொரசொரப்புப் பைகள் 2019 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. 2021 அக்டோபரில், கட்டமிட்ட எச்சரிக்கையைப் பைகளோடு தர வேண்டும் என்றும், பெண்ணும் மருத்துவரும் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையொப்பமிடும் பட்டியல் வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. இப்பைகள் வாழ்நாள் முழுவதும் இருப்பவை அல்ல என்பது அவ்வெச்சரிக்கையின் முதன்மையான கருத்துகளில் ஒன்று.

நலமடைதல் என்பது மூன்று கணக்குகள்

ஆகவே நலமடைதலை மூன்று தனித்தனிக் கணக்குகளாகக் கொள்வதே சரி. ஒன்று மணிகளிலும் நாள்களிலும் ஓடுவது, மற்றொன்று வாரங்களிலும் மாதங்களிலும், மூன்றாவது ஆண்டுகளில். ஒவ்வொன்றுக்கும் வேறு கவனம் தேவை.

நாள்களின் கணக்கில் முதன்மையானது குருதிக்கசிவு. முதல் ஓரிரு நாள்களில் ஒரு பக்கம் மட்டும் மளமளவென்று வீங்கி, மறுபக்கத்தைவிட இறுகி வலித்தால், அது காத்திருக்கும் செய்தியன்று; உடனே மருத்துவரை அடைய வேண்டும். மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் ஆகியவை குருதி உறைகட்டியின் அறிகுறிகளாகலாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் ஆகியவை தொற்றைக் காட்டும். அன்றே மெல்ல நடப்பது நன்று. மருத்துவர் சொல்லும் அளவில் கைகளை அசைப்பதும் நன்று. அபின் வகை மருந்து உண்ணும்வரையிலும், திடீரென்று வண்டியை நிறுத்தவோ திருப்பவோ வலி தடுக்கும்வரையிலும் வாகனம் ஓட்டுதல் கூடாது. ‘மறுநாளே ஓட்டலாம்’ என்பது எல்லாருக்கும் பொருந்தும் விதி அன்று.

வாரங்களின் கணக்கு அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. புகையிலையின் நிகோட்டின் தோலின் நுண்குழாய்களைச் சுருக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு குருதி ஏந்திச் செல்லும் ஆக்சிஜனைக் குறைக்கும். ஆக்சிஜன் இன்றிக் கொலாஜன் உருவாகாது. எனவே அறுவைக்குச் சில வாரங்கள் முன்னும் பின்னும் புகையை விடுவது எந்தச் சிறப்பு உள்ளாடையைவிடவும் பயன் தரும். ஆஸ்பிரின் போன்று குருதி உறைவதைத் தாமதப்படுத்தும் மருந்துகளை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடும் உடற்பயிற்சியையும் பளுத் தூக்குவதையும் பொதுவாக 4 முதல் 6 வாரம் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். மேலே கண்ட தையல் வலிமையின் எண்களை நினைத்தால் அதன் காரணம் விளங்கும். காம்பின் உணர்ச்சி குறைவதோ மிகுவதோ உண்டு. பலருக்கு மாதங்களில் சீராகும், சிலருக்கு நிலைத்துவிடும். இதை முன்பே சொல்லாத மருத்துவர், பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆண்டுகளின் கணக்குக்கு வேண்டியது நினைவு. பையின் நிறுவனம், வகை, வரிசை எண் ஆகியவை அடங்கிய அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். 2019இல் பைகள் திரும்பப் பெறப்பட்டபோது, தம் உடலுக்குள் இருப்பது எது என்று அறிய இந்த அட்டையே துணை. கூழ்ப் பை வெளியே தெரியாமலேயே கிழியக்கூடும். ஆதலின் அறிகுறி இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 ஆண்டு கழித்து முதன்முறையாகவும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறையும் ஒலியலை அல்லது காந்தப் படச் சோதனை செய்துகொள்ள அமெரிக்கத் துறை பரிந்துரைக்கிறது. ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் காரணமின்றி நீர்கோத்து வீங்கினால், அந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். மேற்சொன்ன புற்று தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், பையையும் உறையையும் அகற்றுவதன்மூலம் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மார்பக எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போது, பை இருப்பதை எடுப்பவரிடம் முதலிலேயே கூற வேண்டும்.

நம் மதிப்பீடு

டெபெட்ஸின் ஆய்வுரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அறுவை மருத்துவரின் கையசைவு அளந்து திருத்தத்தக்கது என்ற அதன் அடிப்படைக் கருத்து எந்த அறுவைக்கும் பொருந்தும். மருத்துவ மாணவர்கள் அதைக் கற்க வேண்டும். ஒரே மருத்துவரின் கணக்கு, ஒப்பீட்டுக் குழுவின் பலவீனம், கலந்துபோன காரணங்கள் ஆகிய குறைகளையும் அதோடு சேர்த்தே கற்க வேண்டும்.

ஆனால் அறுவையைக் கருதும் பெண்ணுக்கு அவ்வாய்வுரை தரும் விடை ஒரு சிறு பகுதியே. ‘எத்தனை மணி நேரத்தில் எழலாம்?’ என்பதோடு அவர் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும். ‘உங்களிடம் அறுவை செய்துகொண்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் எத்தனை பேர் மறு அறுவைக்கு வந்தனர்? அவர்களைத் தவிர மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு எவ்வாறு தெரியும்?’ இந்த இரண்டாம் வினாவுக்குக் கணக்கேட்டைத் திறந்து காட்டும் மருத்துவரிடம் 24 மணி நேரத்தையும் நம்பலாம். முதல் வினாவுக்கு மட்டும் விடை வைத்திருப்பவரிடம், எவ்வளவு விரைவாக எழுந்து நடக்க முடிந்தாலும், படுப்பதற்கு முன் இன்னொரு முறை யோசிப்பதே நல்லது.